கோழிக் கொட்டகைக்கு ஏற்ற கூளம்

கோழி வளர்ப்பில் முதலிடுவோர் குஞ்சின் ஜாதியைப் பற்றி விசாரிக்கின்றனர். தீனியின் கிரயத்தைக் கணக்கிடுகின்றனர். தடுப்பு மருந்திடும் நாளைக் குறித்து வைக்கின்றனர். ஆனால் அக்குஞ்சு பகல் முழுவதும் நிற்பதும், கிளறுவதும், எச்சமிடுவதும், இரவில் படுப்பதும் எதன் மீது என்னும் விஷயத்தில் கவனம் செலுத்துவோர் மிகச் சிலரே. ஊரில் அன்றைய தினம் எது மலிவாகக் கிடைக்கின்றதோ, அதை மூட்டையிற் கட்டிவந்து தரையிற் கொட்டிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கின்றது. கோடையில் இவ்வழக்கத்தினால் நேரும் தீங்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பின்னரே தரை ஈரங்கொள்வதும், கொட்டகை நாறுவதும், குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதும் காணப்படும். அப்பொழுது தீனியையும் மருந்தையும் குஞ்சு விற்றவரையும் நொந்து கொள்வதிற் பயனில்லை.

நாமக்கல் வட்டாரத்துப் பெரிய முட்டைப் பண்ணைகளில் கோழிகள் கம்பிக் கூண்டுகளில் வளர்க்கப்படுகின்றன. அங்கே தரைக் கூளத்திற்கு அதிக வேலையில்லை. ஆனால் பல்லடம், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிகளும், முட்டைக் கோழிகளின் இளங்குஞ்சுகளும், கிராமந்தோறும் குடியானவர்கள் கொட்டகையில் அடைத்து வளர்க்கும் நாட்டுக் கோழிகளும் தரைக் கூளத்தின் மீதே வளர்கின்றன. ஆகவே கூளத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை நிலமுடையோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

கூளம் செய்யும் வேலை

கூளத்தின் முதல் வேலை ஈரத்தை வாங்கிக்கொள்ளுதல். இது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். முட்டையிடும் கோழிகள் 100 இருக்குமாயின், அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 கிலோ தீனி தின்னும். அதற்கு இரண்டு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் குடிக்கும். கோடையில் இன்னும் அதிகமாகக் குடிக்கும். அவை இடும் எச்சம் நாளொன்றுக்குச் சுமார் 11 அல்லது 12 கிலோ ஆகும். புதிய எச்சத்தில் நான்கில் மூன்று பங்கு நீர். எனவே நாள்தோறும் 8 அல்லது 9 லிட்டர் தண்ணீரைத் தரையில் ஊற்றியதற்கு அது சமானமாகும். மாதம் ஒன்றுக்கு 250 லிட்டர் என்று கொள்ளலாம். தண்ணீர்ப் பாத்திரங்களிலிருந்து சிந்துவதும், மழைச்சாரல் உள்ளே அடிப்பதும் இக்கணக்கிற் சேரவில்லை.

இவ்வளவு நீரும் கூளத்திலேயே தங்கிவிடுமாயின் பத்து நாட்களுக்குள் கொட்டகை சேறாகிவிடும். அவ்வாறு ஆகாதிருப்பதற்குக் காரணம், கூளம் வாங்கிய ஈரத்தைக் காற்றுக்குத் திரும்பக் கொடுத்துவிடுவதே. ஆகையால் ஈரத்தை உறிஞ்சும் திறமை மட்டும் கூளத்திற்குப் போதாது. உறிஞ்சியதை விரைவில் விட்டுவிடும் திறமையும் வேண்டும். இவ்விரண்டில் முன்னதை மட்டும் கருதிக் கூளம் வாங்குவோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

கூளத்தின் இரண்டாவது வேலை, எச்சத்தைத் தன்னோடு கலந்து மக்கச் செய்தல். கூளத்தில் வாழும் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைத்து எருவாக்குகின்றன. அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்து ஊஸ்டர் நகரிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1940-ஆம் ஆண்டுகளில் கென்னார்டு, சேம்பர்லின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், கூளத்தை அடிக்கடி அள்ளி எறியாமல் மேன்மேலும் சேர்த்து ஆழமாக்கி வைத்துப் பரிசோதித்தனர். மாமிச சம்பந்தமான சத்துக் குறைந்த தீனியைத் தின்ற கோழிகள்கூட அவ்வித ஆழ்கூளத்தில் நன்றாகத் தேறின. 1948-இல் பி12 என்னும் ஜீவசத்து பிரித்தெடுக்கப்பட்ட பின்னர் இதன் காரணம் விளங்கிற்று. மக்கும் கூளத்திலுள்ள நுண்ணுயிர்கள் அச்சத்தை உண்டாக்குகின்றன. கோழி கிளறிப் பொறுக்கும்போது அது கோழிக்குக் கிடைக்கின்றது.

மூன்றாவதாக, கூளம் குளிர்ந்த தரைக்கும் குஞ்சின் உடலுக்கும் நடுவே போர்வைபோல் நின்று சூட்டைக் காக்கின்றது. முட்டை உடையாமலும், பாதம் புண்ணாகாமலும் பாதுகாக்கின்றது.

நல்ல கூளத்தின் லக்ஷணங்கள்

கூளமாகப் பரப்பத் தக்க பொருள், ஈரத்தை வாங்கி விரைவில் விடுவதாக இருத்தல் வேண்டும். கட்டி தட்டாமல் உதிர்ந்து நிற்பதாக இருத்தல் வேண்டும். மிகப் பொடியாக இருந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறுவதாகவும், மிகப் பெரிதாக இருந்து பாதத்தைக் குத்துவதாகவும் இருத்தல் கூடாது. பூஞ்சணம் பிடித்ததும், பூச்சி மருந்து பட்டதும், ஆணி, கம்பி, கண்ணாடித் துண்டு கலந்ததும் அறவே விலக்கத்தக்கவை. இவையனைத்தும் பொருந்தியிருந்தாலும், பொருள் ஊருக்கு அருகில் ஆண்டு முழுவதும் கிடைப்பதாகவும், முடிவில் நல்ல எருவாவதாகவும் இருந்தாலன்றிக் குடியானவருக்கு அது கட்டுப்படியாகாது.

பொருள்களும் அவற்றின் குணதோஷங்களும்

நெல் உமி: நஞ்சை ஜில்லாக்களுக்கு இதைவிடச் சிறந்த கூளம் வேறில்லை எனலாம். உமியின் மேற்பரப்பு சிலிகா என்னும் மணற்சத்து மிகுந்தது. ஆதலால் அது மரத்தூளைப்போல் அதிக ஈரத்தைக் குடிப்பதில்லை. ஆயினும் குடித்ததை விரைவில் விடுகின்றது, கட்டி தட்டுவது குறைவு, மக்குவதும் மெதுவாகவே. 1,000 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். 100 முட்டைக் கோழிகளுக்கு வேண்டிய 200 சதுர அடித் தரையில் 4 அங்குல கனத்திற்குப் பரப்பவும் ஏறத்தாழ அதே 200 கிலோ உமியே தேவைப்படும். தன் குடும்பத்திற்கு நெல் அரைப்பவர் தன் கொட்டகைக்கு வேண்டிய கூளத்தையும் அந்நெல்லிலிருந்தே பெறலாம் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் உமியிலும் பேதமுண்டு. உமியைத் தனியாகவும் தவிட்டைத் தனியாகவும் பிரிக்கும் ஆலைகளின் உமியே கூளத்திற்கு ஏற்றது. சிறு கிராமங்களிலுள்ள பழைய மாதிரி அரவை இயந்திரங்களில் உமியும் தவிடும் நொய்யும் ஒன்றாகக் கலந்து பொடியாகி விழும். அதைக் கூளமாகப் பரப்பினால் கோழிகள் தீனியை விட்டுத் தவிட்டைப் பொறுக்கும். வண்டும் புழுவும் பெருகும். ஈரம் பட்டவுடன் களிபோல் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணமும் விரைவில் பற்றும். ஆகவே கையில் ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்து, மாவு பறக்குமாயின் அதை வாங்காது விடுதலே உத்தமம்.

இழைப்புச் சுருளும் மரத்தூளும்: தச்சுப் பட்டறைகளில் கிடைக்கும் இழைப்புச் சுருள் மிக நல்ல கூளம். அது ஈரத்தை நன்றாக வாங்கும். காற்று உட்புக இடங்கொடுக்கும். அறுவை ஆலைகளின் மரத்தூள் பொடியானது. பிறந்த குஞ்சுகள் தீனியென்று எண்ணி அதை விழுங்கும். வயிறு அடைத்து மடிதலும் உண்டு. ஆகையால் முதல் வாரத்தில் மரத்தூளைத் தனியே பயன்படுத்துதல் கூடாது. வளர்ந்த கோழிகளுக்கு உமியோடு பாதிக்குப் பாதி கலந்து இடலாம். கரையான் அரிக்காதிருப்பதற்கு மருந்தூட்டிய மரத்தின் தூளையும், ஈரமரத்தை அறுத்துக் குவித்த தூளையும் கொட்டகைக்குள் சேர்த்தலாகாது.

நிலக்கடலைத் தோல்: கடலை சாகுபடியாகும் புஞ்சை ஜில்லாக்களில் இது எளிதில் கிடைக்கும். உலர்ந்ததாயின் இலேசாகவும் உதிராகவும் இருந்து நன்கு உழைக்கும். ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. தோலோடு உடைந்த பருப்பும் கலந்து வரும். மழையில் நனைந்த குவியலில் அப்பருப்பின் மீது பூஞ்சணம் வளரும். 1960-இல் இங்கிலாந்தில் லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் விளைத்த விஷமே காரணமென்று கண்டறியப்பட்டது. அதற்கே அஃப்ளாடாக்சின் என்று பெயர். மேலும் பூஞ்சண வித்துக்கள் தூசியோடு மூச்சில் ஏறினால், குஞ்சுகளின் நுரையீரலில் மஞ்சள் நிறக் கழலைகள் எழும்பி மூச்சுத் திணறி மடியும். ஆதலால் திறந்தவெளியிற் கிடந்து கறுத்த தோலையும், முகர்ந்தால் மக்கிய வாடை வீசும் தோலையும் இனாமாகக் கொடுத்தாலும் கொள்ளலாகாது.

தென்னை நார்க்கழிவு: பொள்ளாச்சி, பட்டுக்கோட்டை முதலிய தென்னந்தோப்புப் பிரதேசங்களில் கயிற்று ஆலைகளைச் சுற்றிலும் இது மலைபோற் குவிந்து கிடக்கின்றது. இது தன் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு வரை தண்ணீரைத் தாங்கவல்லது. இதைக் கேட்டவுடன் இதுவே உயர்ந்த கூளம் என்று கருதுவது சகஜம். ஆயின் இது வாங்கிய நீரை எளிதில் விடுவதில்லை. ஆலையிலிருந்து நேரே வரும் கழிவில் முன்பே நிறைய நீர் இருக்கும்; அதை அப்படியே பரப்புவது ஈரத் துணியைத் தரையில் விரிப்பதற்கு ஒப்பாகும். வெயிலில் பரப்பி, கையிற் பிடித்தால் ஒட்டாமல் உதிருமளவு உலர்த்தி, சல்லடையால் நார்ப்பிசிறை நீக்கி, கோடையிலும் பனிக்காலத்திலும் பயன்படுத்தினால் இதுவும் குறைவின்றி உழைக்கும். அதிகமாகக் காய்ந்தால் தூசி பறக்கும். மழைக்காலத்தில் தனித்து இதனை நம்புவதைவிட, அடியில் உமியும் மேலே சிறிது நார்க்கழிவும் கலந்து இடுவது விவேகமாகும்.

கரும்புச் சக்கை: ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் இதில் எஞ்சிய இனிப்பினால் விரைவில் புளித்துப் பூஞ்சணம் பற்றும், கட்டியும் தட்டும். முற்றும் உலர்த்தி, சிறு துண்டுகளாக்கி, வேறு பொருளோடு கலந்து மட்டும் உபயோகிக்கலாம்.

வைக்கோல்: முழு வைக்கோலைப் பரப்பினால் இரண்டு வாரத்தில் பாய்போல் பின்னிக்கொள்ளும், கோழியால் கிளற முடியாது, அடியில் எச்சம் அழுகும். ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குல நீளத்திற்கு நறுக்கிப் போட்டால் ஓரளவு பயன்படும். மாட்டுக்குத் தீவனமாகக்கூடிய பொருளைக் கோழியின் காலடியில் இடுவது லாபமா என்பதையும் ஆலோசிக்க வேண்டும்.

மணல்: இது அழுகாது, பூஞ்சணம் பிடிக்காது, தூசி தராது. உலர்ந்த ஆற்று மணல் கோடையில் கோழிக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் குஞ்சுகளுக்குக் குளிர் தாக்கும், பாரம் அதிகம், எருவாகவும் மாட்டாது. மேலும் ஆற்று மணலின் விலையையும், அதை அள்ளுவதிலுள்ள சட்டதிட்டங்களையும் கருதினால், சாதாரணக் குடியானவருக்கு இது ஏற்றதன்று.

நிறுத்துப் பார்க்கும் பரீட்சை

தன் ஊரில் கிடைக்கும் பொருள்களில் எது மேலானது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டுவதில்லை. ஒரு தராசும், சில துணிப் பைகளும், இரண்டு இரவும் ஒரு பகலும் இருந்தால் ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே சோதித்தறியலாம்.

நன்றாக உலர்ந்த உமி, நார்க்கழிவு, கடலைத்தோல், மரத்தூள் ஆகியவற்றில் கிடைப்பவற்றை ஒவ்வொரு கிலோ எடுத்து, தனித்தனி மெல்லிய துணிப் பைகளிற் கட்டி, ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். காலையில் எடுத்து, ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடிந்தபின் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூடியிருக்கும் எடையே அப்பொருள் குடித்த நீர். பின்னர் ஒவ்வொன்றையும் முறத்தில் இரண்டு விரற்கடை கனமாகப் பரப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்து, மறுநாள் அதே வேளையில் மீண்டும் நிறுக்க வேண்டும். குறைந்திருக்கும் எடையே அப்பொருள் காற்றுக்கு விட்ட நீர். குடித்தது அதிகமாகவும், அதில் பெரும்பங்கை மறுநாளைக்குள் விட்டதாகவும் இருக்கும் பொருளே சிறந்தது. அதிகமாகக் குடித்து அப்படியே வைத்துக்கொண்டிருக்கும் பொருள் கோடைக்கு மட்டும் உதவும். இப்பரீட்சையை மாசியில் ஒரு முறையும், கார்த்திகையில் ஒரு முறையும் செய்து பார்த்தால், ஒரே பொருள் இரண்டு காலங்களில் இரண்டு விதமாக நடப்பது தெரியவரும்.

ஓர் உதாரணம்

தவறான கூளத்தினால் நஷ்டம் நேரும் விதத்தைப் பின்வரும் உதாரணத்தால் அறியலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு குடியானவர்கள் புரட்டாசி இறுதியில் ஒரே பொரிப்பகத்திலிருந்து 200 குஞ்சுகள் வாங்கி, ஆளுக்கு 100 ஆகப் பிரித்துக்கொண்டார்கள் என்று கொள்வோம். இருவரும் ஒரே தீனியைக் கொடுக்கின்றனர். இருவரும் ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குரிய சொட்டு மருந்தைக் கண்ணில் விடுகின்றனர். முதலாமவர் அருகிலுள்ள கயிற்று ஆலையிலிருந்து நார்க்கழிவை ஈரத்தோடு வண்டியில் ஏற்றி வந்து அன்றைக்கே பரப்பினார். இரண்டாமவர் ஆனி மாதத்திலேயே ஆலையில் உமி வாங்கி, சாக்கிற் கட்டி, பலகையின்மேல் அடுக்கி மழை படாமல் வைத்திருந்தார்.

மூன்றாம் வாரம் முதல் மழை பிடித்துக்கொண்டது. முதலாமவருடைய கொட்டகையில் தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றிலும் கூளம் சேறாகிக் கறுத்தது. உள்ளே நுழைந்தால் கண் எரிந்தது. குளிர்காற்று புகாதிருக்கும் பொருட்டு அவர் பக்கங்களிலெல்லாம் சாக்குப் படுதாவைக் கட்டி மூடினார். நான்காம் வாரத்தில் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றன. எச்சத்தில் இரத்தம் காணப்பட்டது. நாள்தோறும் நான்கும் ஐந்துமாக மடிந்தன. வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டதென்று அயலார் கூறினர். சொட்டு மருந்து பழுது என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் வேறொருவர். மாதம் முடிவதற்குள் 40 குஞ்சுகளுக்கு மேல் போயின. அவற்றோடு, சம்பா அறுவடைக்கு முன் கைச்செலவுக்கு ஆகுமென்று அவர் நம்பியிருந்த வருமானமும் போயிற்று.

மடிந்த குஞ்சொன்றைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். குடலின் முடிவிலுள்ள இரு குருட்டுக் குடல்களும் வீங்கி இரத்தம் நிறைந்திருக்கும். அது வெள்ளைக் கழிச்சல் அன்று. காக்ஸிடியா என்னும் நுண்ணிய கிருமியினால் வரும் இரத்தக் கழிச்சல். அக்கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளிப்பட்டவுடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு நாட்களில் அது முதிர்ந்து, விழுங்கும் குஞ்சைப் பற்றும் வலிமை பெறுகின்றது. உலர்ந்த கூளத்தில் அது முதிர்வது மிகக் குறைவு. இரண்டாமவருடைய கொட்டகையிலும் அதே கிருமி இருந்திருக்கும். உலர்ந்த உமியில் அது பெருக இடமில்லாமையால், குஞ்சுகள் சிறிதளவே விழுங்கி, அதனாலேயே எதிர்ப்புச் சக்தியும் பெற்று வளர்ந்தன. இருவருக்கும் நடுவே இருந்த பேதம் குஞ்சிலும் இல்லை, தீனியிலும் இல்லை; கூளத்திலேயே இருந்தது.

இரத்தக் கழிச்சல் கண்டவுடன் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி தண்ணீரில் மருந்து கொடுத்தால் பல குஞ்சுகளைக் காப்பாற்றலாம். ஆனால் ஈரக் கூளத்தை அகற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பது, கரையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் இறைப்பது போலாகும்.

பரப்பும் முறையும் பராமரிப்பும்

தரை வெளிமண்ணைவிட ஓரடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். சிமெண்டுத் தரை உத்தமம்; இல்லாவிடின் நன்கு திமிசு போட்டு மெழுகிய தரை போதும். இறவாரம் மூன்றடிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. பழைய குஞ்சுகள் இருந்த கொட்டகையாயின் கழுவி, சுண்ணாம்பு அடித்து, முற்றும் உலர்ந்த பின்னரே புதிய கூளத்தைப் பரப்ப வேண்டும்.

குஞ்சுகளுக்கு முதலில் 2 அங்குல கனம் போதும். முதல் சில நாட்கள் கூளத்தின் மேல் காகிதம் விரித்து அதன்மேல் தீனியைத் தூவினால், குஞ்சுகள் கூளத்தைத் தின்னாமல் தீனியைத் தின்னப் பழகும். வளர்ந்த கோழிகளுக்கு 4 அங்குலத்தில் தொடங்கி, மாதந்தோறும் சிறிது சேர்த்து, ஆறு மாதத்தில் 6 முதல் 9 அங்குலம் வரை உயர்த்தலாம். ஆழ்கூளம் நன்கு மக்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகவே மழைக்காலத்தில் புதிதாகத் தொடங்காமல், ஆடிக்குள் தொடங்கிவிட்டால் ஐப்பசிக்குள் கூளம் பக்குவமடைந்து மழையைத் தாங்கும். இதுவே தமிழ்நாட்டுக் கோழி வளர்ப்போர் முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டிய விஷயம்.

கூளத்தின் ஈரப்பதத்தை அறிய யந்திரம் வேண்டுவதில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். சற்று ஒட்டிப் பின் மெல்ல உதிர்ந்தால் சரியான பக்குவம். சிறிதும் ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் மிக உலர்ந்துவிட்டது. நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் இருப்பதே நலம். 30 பங்குக்கு மேற்போனால் கட்டி தட்டத் தொடங்கும்.

வாரத்திற்கு ஒரு முறையும், மழைக்காலத்தில் இரண்டு முறையும் இரும்பு வாரியால் அடிவரை கிளறிவிட வேண்டும். கட்டியானதை அன்றன்றே அள்ளி வெளியேற்றி, அவ்விடத்தில் உலர்ந்த கூளம் இட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்திற்குச் சமமாக இருந்தால் சிந்துவது குறையும். பாத்திரத்தைக் கம்பிவலை போர்த்த சட்டத்தின் மேல் வைத்தால் சிந்தும் நீர் கூளத்திற் சேராது.

கொட்டகையின் நாற்றத்தை அளக்கும்போது நின்றபடி முகர்ந்தால் போதாது. குஞ்சு மூச்சுவிடும் உயரத்திற்குக் குந்தி உட்கார்ந்து சற்று நேரம் இருந்து பார்க்க வேண்டும். அங்கே கண் கரிக்குமாயின் அம்மோனியா வாயு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பது நிச்சயம். காற்றில் பத்து லக்ஷம் பங்குக்கு 25 பங்கைக் கடந்தால் கோழியின் கண்ணும் மூச்சுக் குழலும் கெடத் தொடங்கும். பிற நோய்களும் எளிதிற் பற்றும். குளிருக்கு அஞ்சிக் கொட்டகையை முற்றும் மூடிவிடுவது பெருந்தவறு. காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, மேற்பகுதியை எப்பொழுதும் திறந்து வைத்தல் வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பை 100 சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ வீதம் தூவிக் கிளறினால் கூளம் உதிர்ந்து கட்டி தட்டாதிருக்கும். ஆனால் ஈரமும் நாற்றமும் மிகுந்த கூளத்தில் சுண்ணாம்பு இட்டால், அதில் அடங்கியுள்ள அம்மோனியா ஒரேயடியாக வெளிக்கிளம்பும். ஆகையால் பகல் வேளையில் பக்கங்களையெல்லாம் திறந்துவைத்தே இதைச் செய்ய வேண்டும். சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கூளத்திற் கலந்தால், அது அம்மோனியாவைப் பிணித்து எருவிலேயே நிறுத்தும்.

கூளம் எருவாகும் லாபம்

மூக்கைக் கரிக்கும் அவ்வாயு வேறெதுவுமன்று; வயலுக்குச் சேர வேண்டிய தழைச்சத்தே காற்றிற் போகின்றது. கோழியைக் கெடுக்கும் கூளம் எருவையும் கெடுக்கும். நன்கு பராமரித்த ஆழ்கூள எருவில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு தழைச்சத்தும், 2 பங்கு மணிச்சத்தும், 2 பங்கு சாம்பல்சத்தும் உண்டு. சாதாரணத் தொழு எருவில் தழைச்சத்து அரைப் பங்கே. சுமார் 40 கோழிகள் ஓராண்டில் ஒரு டன் ஆழ்கூள எருவைத் தரும் என்பது பொதுக் கணக்கு. இதன்படி 100 கோழிகள் உள்ளவர் ஆண்டுதோறும் இரண்டரை டன் எருவும், அதில் 75 கிலோ தழைச்சத்தும் பெறுவார். இவ்வெருவை வெளியிலெடுத்தவுடன் இளம்பயிருக்கு இட்டால் பயிர் கருகும். நிழலிற் குவித்து, ஈரம் தெளித்து, மூடி, ஓரிரு மாதம் மக்கவைத்து உழவுக்கு முன் இடுதல் வேண்டும்.

ஆழ்கூளத்தை நோயில்லாத கொட்டகையில் ஓராண்டு வரை மாற்றாமல் வைத்திருக்கலாம். நோய் கண்ட கொட்டகைக் கூளத்தை மட்டும் மறு கூட்டத்திற்கு வைத்திராமல் முற்றும் அகற்றிவிட வேண்டும்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் கவனிக்க வேண்டியவை

கோழிக் கொட்டகையின் நாற்றத்தையும் ஈயையும் குறித்துக் கிராமங்களில் தகராறுகள் எழுகின்றன. அத்தகைய புகார் வந்தால், கொட்டகையை அகற்றச் சொல்வதற்கு முன் கூளத்தை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பது நலம். ஈயின் புழு ஈர எச்சத்திலேயே வளரும். உலர்ந்த கூளத்தில் வளராது. கூளத்தை உலர்த்தச் செய்தாலே புகாரில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கோழி வைத்திருப்பவரின் ஜீவனமும் கெடாது.

நோய் கண்ட கூளத்தைப் பிறர் கொட்டகைக்கு விற்காதபடியும், மடிந்த கோழிகளை வாய்க்காலிலோ ஏரியிலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கும்படியும் எச்சரிக்க வேண்டும். எருவிற் கலந்து கிடக்கும் கோழிப் பிணத்திலிருந்து உண்டாகும் விஷத்தினால், அவ்வெரு இட்ட நிலத்தில் மேயும் மாடுகள் கால் தளர்ந்து மடிவதும் உண்டு. ஒரே சமயத்தில் பல வீடுகளில் கோழிகள் மடியுமாயின் அதைக் கூளத்தின் குற்றமென்று விட்டுவிடாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஆலைகளில் அறுவடைக் காலத்தில் மலிந்திருக்கும் உமியைக் கோழி வளர்ப்போர் பலர் கூடி ஒருமிக்க வாங்கி, மேட்டில் ஒரு பொதுக் கொட்டகையில் சேமித்து வைக்க ஏற்பாடு செய்வதும் கிராமத்திற்கு உபகாரமான காரியமாகும்.

முடிவாக, கூளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் மழை பெய்யும் காலமன்று. அது சேகரிக்க வேண்டிய காலம் வெயில் காயும் காலமே. பங்குனி, சித்திரையில் உலர்ந்த உமியை இருப்பு வைத்து, ஆடிக்குள் பரப்பி, வாரந்தோறும் கிளறி வருபவருடைய கொட்டகையில் ஐப்பசி மழை எவ்வளவு பெய்தாலும் குஞ்சுகள் உலர்ந்த படுக்கையில் உறங்கும். விதைநெல்லைச் சேமிப்பதுபோலக் கூளத்தையும் காலத்தோடு சேமித்து வைப்பவருக்குக் கோழியினாலும் லாபம் உண்டு, எருவினாலும் லாபம் உண்டு.